தண்ணீர் போன இடம்

அந்தத் தெருவில் அவளுக்கு கியர் டீச்சர் என்று பேர். வைத்தது யாரென்று அவளுக்கே தெரியாது. பஸ் டிப்போவில் பதினான்கு வருஷம் டிக்கெட் கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள், முப்பத்தெட்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள். போன இடத்திலெல்லாம் திட்டு. கிளச்சை மிதித்தால் திட்டு, விட்டால் திட்டு. மூன்றாவதாகச் சேர்ந்த பள்ளியில் சொல்லிக்கொடுத்தவர் ஒரு நாள் ஸ்டீயரிங்கிலிருந்து அவள் கையைத் தட்டியே விட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "கத்தாம சொல்லிக்கொடுக்க இந்த ஊர்ல ஒரு ஆள்கூட கிடையாதா?" என்று கணவரிடம் கேட்டாள்.

"நீ ஆரம்பிச்சிடு," என்றார் அவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று வருஷத்தில் உரிமம் வாங்கி, சொல்லிக்கொடுப்பதற்கான தேர்வும் எழுதி, வீட்டு வாசலில் ஒரு பலகையும் மாட்டிவிட்டாள். பெண்களுக்கு மட்டும். கத்த மாட்டோம் என்று அதில் எழுதியிருக்கவில்லை, ஆனால் அந்தச் செய்திதான் வாய்வழியாகப் பரவியது.

காரைக் கொண்டுவந்து கொடுத்தது அவள் தம்பி. அப்போது அவன் பழைய கார்களை வாங்கி விற்கும் தரகனாக இருந்தான். வெள்ளை நிறத்தில் சின்ன வண்டி. பின்னால் தூக்கித் திறக்கும் கதவு. "அக்கா, உனக்குன்னே அமைஞ்ச வண்டி இது," என்று சாவியைக் கையில் வைத்தான். அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக்கைப் பொருத்திக்கொண்டு ஓட ஆரம்பித்ததுதான். பதினொரு வருஷம். முந்நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் அந்த ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பழகிப் போனார்கள். வண்டியைச் சுவரில் முட்டியவர்கள் உண்டு, பயத்தில் அழுதவர்கள் உண்டு, பாதி வகுப்பில் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனவளும் ஒருத்தி உண்டு. டீச்சர் யாரிடமும் கத்தவில்லை.

இப்போது அந்த வண்டியைக் கைமாற்றி விடுவதாக இருந்தாள். வருகிற பெண்களெல்லாம் கியர் இல்லாத காரில்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். "அப்ப உன் பேரை என்ன பண்றது? வெறும் டீச்சர்னு ஆயிடுமே," என்று கணவர் கேலி செய்தார். அவர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். கார் ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளும் ஆசையும் கிடையாது. மனைவி ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து தூங்குவது அவருக்குப் பிடித்த பயணம்.

வாங்கிக்கொள்ள முன்வந்தவளும் பழைய மாணவிதான். வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்குக் கட்டு மாற்றி ஊசி போடும் நர்ஸ். நாலு தடவை தேர்வில் தோற்று, ஐந்தாவது தடவை தேறியவள். "எனக்கு வேற காரே ஓட்ட வராது டீச்சர். இதோட கிளச் எவ்ளோ தூரம் வந்தா பிடிக்கும்னு என் காலுக்குத் தெரியும்," என்று வந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமை காலை வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

சனிக்கிழமை மத்தியானம் டீச்சர் வண்டியைக் கழுவித் துடைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். விளக்கு எரிகிறது. ஹாரன் அடிக்கிறது. கண்ணாடிகள் ஏறி இறங்குகின்றன. ஒன்றே ஒன்றுதான் மக்கர் பண்ணியது. முன்கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் நெம்பை இழுத்தால் வைப்பர் மட்டும் வறட்டுக் கண்ணாடியில் கிறீச் கிறீச்சென்று போய்வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. இரண்டு வாரமாகவே இப்படித்தான். வாளியும் துணியும் வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தாள். ஆனால் இன்னொருத்திக்குக் கொடுக்கும்போது அப்படிக் கொடுப்பதற்கு மனம் வரவில்லை.

"மெக்கானிக்கைக் கூப்பிடேன்," என்றார் கணவர்.

"இதுக்குப் போய் மெக்கானிக்கா? நீங்க கொஞ்சம் வெளிய வாங்க."

முதலில் பானெட்டின் மேல் தண்ணீர் பீறிடும் துவாரங்களைப் பார்த்தாள். சுண்ணாம்பு படிந்து வெள்ளையாக இருந்தன. குண்டூசியை விட்டுக் குடைந்தாள். பொடியாக உதிர்ந்தது. இழுத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

அந்த ரகக் காரில் தண்ணீர்த் தொட்டி பின்னால் டிக்கியின் ஓரத்தில் இருக்கும். அங்கேயே மோட்டார். அதிலிருந்து மெல்லிய டியூப் ஒன்று வண்டியின் நீளத்துக்கும் உள்ளேயே ஓடி முன்னால் போய்ச் சேரும். தொட்டியைத் திறந்தாள். முந்தாநாள்தான் கழுத்து வரை நிரப்பியிருந்தாள். இப்போது பாதிதான் இருந்தது.

"தண்ணி குறையுதுங்க. அப்ப எங்கயோ போகுது."

கணவரை டிக்கியில் காதை வைக்கச் சொல்லிவிட்டு முன்னால் போய் நெம்பை இழுத்தாள்.

"உர்ர்னு ஒரு சத்தம் வருது," என்று அங்கிருந்து குரல் வந்தது.

"சரி. மோட்டார் ஓடுது. மோட்டார் ஓடினா பியூஸ் நல்லா இருக்குன்னு அர்த்தம்."

பானெட்டைத் திறந்து துவாரத்துக்குக் கீழே வந்து சேரும் டியூபைக் கழற்றிவிட்டு மறுபடி இழுத்தாள். டியூபின் வாயில் காற்றுகூட வரவில்லை. அடைப்பு துவாரத்தில் இல்லை, அதற்கு முன்னாலேயே எங்கோ இருக்கிறது. பின்னால் வந்து மோட்டாரின் மூக்கில் செருகியிருந்த டியூபை உருவினாள். "ஒரு தடவை நீங்க போய் அந்த நெம்பை இழுங்க."

"எந்த நெம்பு?"

"ஸ்டீயரிங் பக்கத்துல குச்சி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குமே, அது."

அவர் வேறு எதையோ இழுத்தார். விளக்கு எரிந்தது. அப்புறம் ஹாரன் அடித்தது. "விடுங்க, நீங்க இங்க நில்லுங்க," என்று இடத்தை மாற்றிக்கொண்டாள். இந்தத் தடவை மோட்டாரிலிருந்து தண்ணீர் சீறிக்கொண்டு வந்து அவர் சட்டைப் பொத்தான் வரிசையை நனைத்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள். வெகு நாளைக்கப்புறம் இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்த மத்தியானம் அது.

பின்னால் தண்ணீர் வருகிறது, முன்னால் போய்ச் சேரவில்லை. நடுவில்தான் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பத்து நாளாக வண்டிக்குள் ஒரு ஊசல் நாற்றம். முன்சீட்டுக்குப் பின்னால் கால் வைக்கும் இடத்தில் ஈரம். தண்ணீர் பாட்டிலைத் திறந்தபடியே வைத்திருந்ததாக ஒரு மாணவியைச் சந்தேகப்பட்டிருந்தாள். பாவம், அந்தப் பெண்.

கதவுக்கடியில் ஓடும் பிளாஸ்டிக் பட்டையை நாலு திருகாணி கழற்றி எடுத்தாள். முன்சீட்டை முன்னால் தள்ளிவிட்டு, தரையில் ஒட்டியிருந்த கம்பளத்தை ஓரத்திலிருந்து உரித்தாள். பிழிந்தால் தண்ணீர் கொட்டும் போல ஊறியிருந்தது. டியூப் கண்ணில் பட்டது. முன்னாலிருந்து வருவது கறுப்பு. பின்னாலிருந்து வருவது வெள்ளை. இரண்டையும் இணைக்க விரல்நீளப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று. வெள்ளை டியூப் அதிலிருந்து கழன்று கிடந்தது.

"இவ்ளோதான்!" என்றாள். நுனியை ஒரு அங்குலம் வெட்டிவிட்டு, வெந்நீரில் முக்கி இளக்கி, அழுத்திச் செருகினாள். முன்னால் போய் இழுத்தாள். முன்கண்ணாடி மேல் இரண்டு பக்கமும் தண்ணீர் விசிறிபோல எழும்பி விழுந்தது. வைப்பர் வழுக்கிக்கொண்டு போனது. கணவர் கைதட்டினார்.

வேலை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஈரத்தோடு கம்பளத்தைப் போட்டால் நாறுமே என்று பழைய துண்டை எடுத்துக்கொண்டு தரையைத் துடைக்கக் குனிந்தாள். துண்டு எதிலோ மாட்டியது. விரலால் தடவிப் பார்த்தாள். மேடாக, கரடுமுரடாக ஒரு கோடு. எறும்புகள் வரிசையாகப் போகும்போதே அப்படியே இறுகிப்போன மாதிரி, தகரத்தின் குறுக்கே இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரைக்கும் போனது. கோட்டுக்கு முன்னால் தகரம் சாம்பல் நிறம். கோட்டுக்குப் பின்னால் கரும்பச்சை.

வண்டி வெள்ளை. பச்சை எங்கிருந்து வந்தது?

கையிலிருந்த திருப்புளியால் அந்தக் கோட்டை லேசாகக் குத்தினாள். சும்மா, துருவைச் சுரண்டுவதுபோலத்தான். அது அவ்வளவு சுளுவாக உள்ளே இறங்கியதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியே உருவினாள். ஓட்டை வழியாகக் கீழே வாசல் சிமென்ட் தெரிந்தது. சிமென்ட்டின் மேல் ஒரு காய்ந்த இலை.

"என்னங்க," என்றாள். இன்னொரு தடவை, "என்னங்க!"

அவர் வந்து மண்டியிட்டுப் பார்த்தார். முப்பது வருஷமாக முறிந்த எலும்புகளின் படத்தைப் பார்த்துப் பழகிய கண். கோட்டின் இரண்டு பக்கமும் விரலை ஓட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இது உடைஞ்சு சேர்ந்தது இல்லம்மா. ஒரே ஆளோட எலும்புன்னா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். இது ரெண்டு ஆளு."

அடுத்த தெருவில் டிங்கர் கடை வைத்திருந்தவர் ஒருவர் உண்டு. மாணவிகள் சுவரில் முட்டிய நசுங்கல்களையெல்லாம் தட்டி எடுத்துக் கொடுப்பவர். டீச்சர் போன் பண்ணிய குரலைக் கேட்டே, கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்தார். குனிந்து பார்த்தார். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'ச்ச்' என்றார்.

"வீட்டுல காந்தம் ஏதாச்சும் இருக்கா டீச்சரம்மா?"

ஃபிரிட்ஜில் மளிகைச் சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்த பொம்மைக் காந்தத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதைக் கதவில் வைத்தார். ஒட்டியது. கூரையில் வைத்தார். ஒட்டியது. இரண்டு கதவுகளுக்கும் நடுவில் நிற்கும் தூணில், ரப்பரை உரித்துவிட்டு, இடுப்புயரத்தில் வைத்தார். காந்தம் பொத்தென்று கீழே விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. பேனாக்கத்தியால் அந்த இடத்தைச் சுரண்டினார். பெயிண்டுக்கு அடியில் தகரம் இல்லை, பள்ளத்தை நிரப்பும் பட்டி மாவு; அதற்கடியிலும் பட்டி. விரற்கடை ஆழத்துக்கு வந்துகொண்டே இருந்தது.

"முன்பாதி ஒரு வண்டி, பின்பாதி ஒரு வண்டி. ஒண்ணு பின்னாடி அடிவாங்கி இருக்கும், இன்னொண்ணு முன்னாடி. நல்லா இருக்கிற பாதியை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டவெச்சிருக்கான். நானே எத்தனை தடவை இந்தக் கதவைத் தட்டி எடுத்திருக்கேன், எனக்கே தெரியல பாருங்க. கெட்டிக்காரக் கை. அதான் பயமா இருக்கு."

"மோதினா என்ன ஆகும் அண்ணே?"

டிங்கர் அவள் முகத்தைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்துப் பேசினார். "மெதுவா மோதினா ஒண்ணும் ஆகாது. வேகமா போய் மோதினா... முன்பாதி நின்னுடும். பின்பாதி நிக்காது."

"சீட்டு எதுல இருக்கு?"

"கோட்டு மேலயேதான் இருக்கு டீச்சரம்மா. முன்னாடி போல்ட்டு ஒரு வண்டியில, பின்னாடி போல்ட்டு இன்னொரு வண்டியில."

டீச்சர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். கணவர் தண்ணீர் கொண்டுவந்தார். டம்ளர் பல்லில் இடித்துத் தண்ணீர் கழுத்தில் வழிந்தது. யார் யாரோ வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். அந்த சீட்டில் உட்கார்ந்த எட்டுமாதக் கர்ப்பிணி. குழந்தையைப் பின்சீட்டில் தூங்கப் போட்டுவிட்டுப் பழகிய அந்த வங்கிக்காரி. பின்னால் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலை வகுப்புக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகள். காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்த தன் மகளைப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் பறந்த அந்த ஒரு விடியற்காலை. கத்தாத டீச்சர் என்று நம்பி வந்தார்களே. 'பயப்படாதீங்க, பத்திரமா இருக்கீங்க' என்று எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள்.

டிங்கர் தலையைச் சொறிந்தார். "நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. பதினொரு வருஷம் ஓடிடுச்சு. அந்த ஓட்டையை நான் அடைச்சுக் கொடுக்கறேன். கம்பளத்தைப் போட்டுட்டா ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் மனம் என்ன செய்தது என்பதுதான் பிற்பாடு அவளை ரொம்ப நாள் உறுத்தியது. நாளைக்குக் காலையில் நர்ஸ் வருவாள், கண்ணாடிக்குத் தண்ணீர் அடித்துக் காட்டலாம், சாவியைக் கொடுக்கலாம், அந்தப் பெண் ஜென்மத்துக்கும் கம்பளத்தைத் தூக்கிப் பார்க்கமாட்டாள். இவ்வளவும் தெள்ளத்தெளிவாக, வரிசையாக ஓடி முடிந்தது. தகரத்தில் ஓட்டையைப் பார்த்த அதிர்ச்சி ஒன்று. தனக்குள் இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று பார்த்த அதிர்ச்சி வேறு.

"வேணாம் அண்ணே," என்றாள். "அப்படியே இருக்கட்டும்."

தம்பிக்குப் போன் போட்டாள். அவன் தரகு வேலையை விட்டு வெகுகாலமாகிறது. இப்போது டயர்க் கடை. ஊரின் மறுகோடியிலிருந்து அரைமணியில் வந்துவிட்டான். அதற்குள் அவனும் ஏமாந்துதான் இருப்பான் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எந்தப் படுபாவியோ அவன் தலையில் கட்டியிருப்பான். பாவம், கேட்டால் துடித்துப்போவான்.

உரித்துப் போட்ட கம்பளத்தைத் தூரத்திலேயே பார்த்துவிட்டான். நடை தளர்ந்தது. கிட்டே வந்து குனிந்துகூடப் பார்க்கவில்லை.

அவன் குனியாததைப் பார்த்ததும் டீச்சருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"உனக்குத் தெரியுமா?"

"அக்கா, கொஞ்சம் உள்ள போய்ப் பேசலாம்."

"உனக்குத் தெரியுமாடா?"

"வாங்கும்போது தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது. அப்புறம் பெயிண்ட் அடிக்க விட்டேன், அங்கதான் சொன்னாங்க. என் மொத்தக் காசும் அதுலதான் கிடந்துச்சு."

"அதனால எனக்குக் கொடுத்தியா?"

"அப்படி இல்லக்கா." அவன் கைகளைப் பிசைந்தான். ஐம்பதை நெருங்கும் ஆள், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி நின்றான். "வேற எவனுக்காச்சும் வித்தா, ரோட்டுல நூறு, நூத்திருபதுன்னு போவான். குடும்பத்தோட செத்துடுவான். எனக்கு அந்தப் பாவம் வேணாம்னு பார்த்தேன். நீ எல்லாரையும் முப்பதுலதான் ஓட்ட விடுவே. உன்னை மாதிரி மெதுவா ஓட்ற ஆளு இந்த ஊர்லயே கிடையாது. உன்கிட்ட இருந்தாத்தான் அந்த வண்டி யாரையும் கொல்லாதுன்னு..."

அவன் முடிக்கவில்லை. கணவர் 'ஐயோ' என்று முனகியது கேட்டது.

டீச்சருக்கு சிரிப்பு வந்தது. அது சிரிப்புதானா என்று அவளுக்கே தெரியவில்லை. வாய் திறந்திருந்தது, வயிறு குலுங்கியது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. பதினொரு வருஷமாக அவன் போனில் கேட்பானே, "ஹைவேல போனியாக்கா? வேகமா போகாத, ஐம்பதைத் தாண்டாத" என்று. ஊரில் யாருக்கு இப்படி ஒரு தம்பி கிடைப்பான் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தாளே.

"அக்கறையில கேக்கறேன்னு நினைச்சேன்டா."

"அக்கறைதான்க்கா!" என்றான் அவன் பதறிக்கொண்டு. அதில் ஒரு துளிப் பொய் இல்லை என்பது தெரிந்ததுதான் அவளை இன்னும் கலங்கடித்தது.

"என் பொண்ணை அதுல ஏத்திட்டுப் போயிருக்கேன். உன் பொண்ணையும் ஏத்திட்டுப் போயிருக்கேன். தெரியுமா உனக்கு?"

அவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை. முகம் சுண்டிப்போனது. "எப்ப?" என்றான்.

"அவ சைக்கிள்ல விழுந்து கையை உடைச்சுக்கிட்டாளே, அன்னிக்கு. நீ ஊர்ல இல்ல. போ, இங்க நிக்காத. போயிடு."

அவன் போகவில்லை. தெருமுனையில் தன் காருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு, இருட்டும் வரை கிளம்பாமல் இருந்ததாக எதிர்வீட்டுக்காரர் மறுநாள் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நர்ஸ் வந்தாள். சாவிக்கொத்து ஒன்றைப் புதிதாக வாங்கிக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். வண்டியை எடுத்ததும் நேராக அம்மாவை அவள் ஊரில் விடப்போவதாகச் சொன்னாள். நாலு மணிநேர நெடுஞ்சாலை.

டீச்சர் எப்படி ஆரம்பிப்பது என்று ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. "வாம்மா," என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்து காட்டினாள். முதலில் கோடு, பிறகு ஓட்டை, பிறகு காந்தம் விழும் தூண். எதையும் மறைக்காமல் சொன்னாள். தம்பி சொன்னதையும் சொன்னாள். கம்பளத்தைப் போட்டு மூடிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தனக்குத் தோன்றியதையும் சொல்லிவிட்டாள். அதைச் சொல்லும்போதுதான் தலை தானாகக் குனிந்தது.

நர்ஸ் ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். தகரத்தின் ஓரம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. "அம்மா, நீ போய் அந்த நாற்காலியில உட்காரு," என்று முதலில் அம்மாவை வண்டியிலிருந்து நாலடி தள்ளி அனுப்பினாள். நிற்கும் கார்தான், ஆனாலும் அனுப்பினாள்.

"நாலு தடவை ஃபெயில் ஆனப்பகூட எனக்கு இப்படி உதறல் எடுக்கல டீச்சர்," என்றாள். அப்புறம் கொஞ்சம் பொறுத்து, "இந்தப் பச்சை வண்டி முன்னாடி அடிவாங்கினதுதானே?"

"டிங்கர் அப்படித்தான் சொன்னார்."

"அப்ப அதோட முன்சீட்டுல உட்கார்ந்திருந்தவங்க?"

டீச்சர் சட்டென்று நிமிர்ந்தாள். நேற்றிலிருந்து அவள் தன் மாணவிகளையே நினைத்துக்கொண்டிருந்தாள். தூக்கி எறியப்பட்ட அந்த இன்னொரு பாதியில் யாராவது உட்கார்ந்திருந்திருப்பார்கள் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. காயங்களோடு புழங்குகிறவளுக்குத் தோன்றியிருக்கிறது. இரண்டு பேரும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

"கோவமா இருக்கியாம்மா?"

"தெரியல டீச்சர். நேத்து வரைக்கும் நான் உலகத்துலயே இந்த ஒரு வண்டியைத்தான் நம்பினேன்." பிறகு அம்மாவின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. போயிட்டு வந்து போன் பண்றேன்."

திங்கட்கிழமை வண்டியை உடைப்புக் கிடங்குக்குக் கொண்டுபோனார்கள். ஓட்டிக்கொண்டு போக டீச்சர் சம்மதிக்கவில்லை. லாரியில் ஏற்றித்தான் போனது. பாகம் எதையும் கழற்றி விற்கக்கூடாது, முழுசாக நசுக்க வேண்டும் என்று கிடங்குக்காரரிடம் எழுதி வாங்கிக்கொண்டாள். அவரோ நம்பாத மாதிரி உதட்டைப் பிதுக்கினார். "பார்க்க நல்லாத்தானே இருக்கு?"

தூக்கும் வண்டிக்காரர் இரும்புக் கைகள் இரண்டையும் கார் ஜன்னல்களுக்குள் நுழைத்து அப்படியே கூரையோடு தூக்கினார். ஆளுயரம் வரை ஒன்றும் ஆகவில்லை. திருப்புவதற்காக ஒரு குலுக்குக் குலுக்கினார். துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவு பெரிய சத்தம்கூட இல்லை. வண்டியின் பின்பாதி மெல்லத் தொங்கியது. தூண் பிளந்தது. பட்டி மாவாகக் கொட்டியது. முன்சீட்டு ஒரு பக்கம் முன்னால் சாய, அதன் பின்கால்கள் தரையோடு பிய்த்துக்கொண்டு வந்தன. தண்ணீர்த் தொட்டியிலிருந்து மிச்சமிருந்த தண்ணீர் சரசரவென்று ஊற்றியது.

கிடங்குக்காரர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். தூக்கும் வண்டிக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்து தொப்பியைக் கழற்றினார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

பின்னால் யாரோ குமட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். தம்பி. எப்போது வந்தானோ, வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். கணவர் போய் அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் போகவில்லை. போகவேண்டும் என்று கால் எழுந்தது, ஆனாலும் போகவில்லை.

"அக்கா, அதுல நீ பதினொரு வருஷம்..." என்றான் அவன், வாயைத் துடைத்துக்கொண்டு.

"ஆமாடா," என்றாள்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் வகுப்பு எடுக்கவில்லை. புது வண்டி பார்க்கப் போன இடத்திலெல்லாம் விற்பவர் எஞ்சினைப் பற்றிப் பேச, அவள் கம்பளத்தைத் தூக்கச் சொன்னாள். டிங்கர் பொம்மைக் காந்தத்தோடு கூடவே போனார். ஒருவழியாக ஒன்று அமைந்தது. தம்பி மட்டும் வீட்டுக்கு வருவதில்லை. அவள் கணவருக்குத்தான் போன் பண்ணுகிறான். அக்காவிடம் பேசும் நாள் வரலாம், வராமலும் போகலாம்.

வண்டி நசுங்கிய அந்த வாரமே அவள் ஒரு வேலையைத் தொடங்கியிருந்தாள். பழைய நோட்டுகளை எடுத்து, அந்தக் காரில் கற்றுக்கொண்ட ஒவ்வொருத்திக்கும் போன் பண்ணினாள். நடந்தது இதுதான், உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், மன்னிச்சிடுங்க என்று சொல்வதற்கு. பாதி எண்கள் மாறிவிட்டிருந்தன. சிலர் 'பரவாயில்ல டீச்சர், ஒண்ணும் ஆகலியே' என்றார்கள். வங்கிக்காரி பாதியிலேயே போனை வைத்துவிட்டாள். கர்ப்பிணியாக வந்தவளுக்கு இப்போது எட்டு வயதில் பையன். அவள் போனைக் காதில் வைத்தபடியே அவனைக் கிட்டே கூப்பிடும் சத்தம் கேட்டது. ஒருத்தி, பாதி வகுப்பில் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனாளே அவள், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நான் ஒரே ஃபீஸ்ல ரெண்டு கார்ல கத்துக்கிட்டிருக்கேன்னு சொல்லுங்க," என்றாள்.

டீச்சர் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும் போனைத் துண்டித்தாள். கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு நோட்டில் அடுத்த எண்ணைத் தேடினாள்.